குறைந்த முதலில் 'அஃபிலியேட்' தரகு: கடைக்காரர்களுக்கு ஒரு விளக்கம்



சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் பலர், சிட்டை போட்டு முடிந்ததும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். "அண்ணாச்சி, செல்போனில் அஃபிலியேட் என்று ஒன்று இருக்கிறதாமே, முதலே போடாமல் மாதம் ஐம்பதாயிரம் வருமாமே, உண்மையா?" என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்களில் பாதிப் பேர் கடையில் வியாபாரம் குறைந்து, வாடகைக்கும் கரண்டுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. எனவே இதழின் வாயிலாக விவரமாகவே எழுதுகிறோம்.

நாம் பள்ளிப் படிப்போடு கிட்டங்கிக்கு வந்தவர்கள். கம்ப்யூட்டர் வித்தை நமக்குத் தெரியாது. ஆனால் 2023 சித்திரையில் எங்கள் இளைய மகன் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது, கணக்கு நோட்டை நாம்தான் எழுதினோம். வந்ததும் தெரியும், போனதும் தெரியும். அந்த அனுபவத்தில் கற்றதையும், ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே தருகிறோம்.

பழைய தரகு, புதிய பெயர்

விருதுநகரில் வத்தல், மல்லி, பருப்பு மார்க்கெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தரகு புதிதல்ல. துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசிய காலத்தைப் பார்த்திருக்கிறோம். தரகருக்குச் சரக்கு இல்லை, கிட்டங்கி இல்லை, பெரிய முதலும் இல்லை. எந்த ஊரில் எந்த வியாபாரி நாணயமானவர், யாரிடம் எந்தச் சரக்கு இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த விவரத்துக்குத்தான் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.

அஃபிலியேட் என்பதும் இதுவேதான். ஒரு கம்பெனி இன்டர்நெட்டில் சரக்கை விற்கிறது. நாம் அந்தச் சரக்கைப் பற்றி நான்கு பேருக்கு எடுத்துச் சொல்லி, கம்பெனியின் பக்கத்துக்கு வழி காட்டுகிறோம். நாம் காட்டிய வழியில் போய் ஒருவர் வாங்கினால், கம்பெனி நமக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகிறது. பில் போடுவது, பணம் வாங்குவது, சரக்கு அனுப்புவது, வேண்டாம் என்றால் திரும்ப எடுப்பது எல்லாம் கம்பெனியின் பொறுப்பு.

அமெரிக்காவில் அமேசான் கம்பெனி வெறும் புத்தகக் கடையாக இருந்த காலத்தில், 1996 ஜூலையில், இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. புத்தகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து வாசகரை அனுப்பி வைத்தால் கமிஷன் என்பது ஏற்பாடு. அந்தக் கம்பெனி 2013 ஜூனில் இந்தியாவில் கடை திறந்தது. இன்று துணி, பாத்திரம், மின்சாதனம், புத்தகம் என்று பல கம்பெனிகள் இம்மாதிரித் திட்டம் வைத்திருக்கின்றன.

வேலை நடக்கும் விதம்

கம்பெனியின் திட்டத்தில் பெயர், வங்கிக் கணக்கு, பான் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நியாயமான கம்பெனி எதுவும் இதற்குப் பணம் கேட்பதில்லை. எந்த இடத்தில் விளம்பரம் செய்யப் போகிறோம், அதாவது யூடியூப் சேனலா, சொந்தப் பக்கமா என்பதையும் சொல்ல வேண்டும். பின்பு ஒவ்வொரு பொருளுக்கும் நமக்கென்று ஒரு தனி இணைப்பு கிடைக்கும். அந்த இணைப்பில் நம் குறியீடு ஒட்டியிருக்கும். மூட்டையின் மேல் வியாபாரியின் மார்க் போட்டு அனுப்புகிறோம் அல்லவா, அதே மாதிரிதான்.

ஒருவர் அந்த இணைப்பைத் தொட்டால், அவரை அனுப்பியவர் இன்னார் என்று ஒரு சிறு குறிப்பு அவர் செல்போனில் பதிவாகிறது. அந்தக் குறிப்புக்குக் 'குக்கீ' என்று பெயர். அதற்கு ஆயுள் உண்டு. அமேசான் திட்டத்தில் பொதுவாக 24 மணி நேரம். அதற்குள் வாங்கினால் நம் கணக்கில் சேரும். இடையில் வேறொருவருடைய இணைப்பைத் தொட்டுவிட்டு வாங்கினால், கமிஷன் பெரும்பாலும் அவருக்குத்தான்.

தொடங்குகிறவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் விஷயங்கள் நான்கு.

முதலாவது, கமிஷன் பொதுவாக வரி நீக்கிய விலைக்குத்தான். ஒரு பொருள் ரூ.1,180 என்றால், அதில் 18 சதவீத வரி ரூ.180. மீதி ரூ.1,000-க்கு 5 சதவீதம் என்றால் நமக்கு ரூ.50.

இரண்டாவது, வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டால் கமிஷனும் போயிற்று.

மூன்றாவது, பணம் உடனே வராது. அமேசான் திட்டத்தில் மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வரும். சித்திரையில் உழைத்தால் ஆடியில் பணம் என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் அனுப்புவோம் என்கிற கம்பெனிகளும் உண்டு.

நான்காவது, நம் இணைப்பில் நாமே வாங்கிக் கமிஷன் எடுக்க முடியாது. இணைப்பை நோட்டீசில் அச்சிடுவதையும், தனித்தனியாகச் செய்தி அனுப்புவதையும் தடை செய்யும் கம்பெனிகளும் உள்ளன. மீறினால் சேர்ந்த கமிஷனையும் நிறுத்திவிடுவார்கள். விதிகளை ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், படித்த பிள்ளைகளை உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நம் வாடிக்கையாளரை நாமே அனுப்புவதா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. ஆன்லைன் வியாபாரம் நம் வயிற்றில் அடிக்கிறது என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் நாம். அப்படியிருக்க, நம் கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளரை நாமே அந்தக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பதா? சங்க உறுப்பினர்கள் சிலர் எங்களிடமே இதைக் கேட்டார்கள். கேட்டதில் தவறு இல்லை.

நாம் வகுத்துக்கொண்ட விதி இதுதான். நம் அலமாரியில் இருக்கும் சரக்குக்கு ஒருபோதும் இணைப்புக் கொடுப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் விற்கும் சரக்குக்கும் கொடுப்பதில்லை. துவரம் பருப்பு விற்பதில் மிச்சம் குறைவு என்று, அதே பருப்பை ஆன்லைனில் வாங்கச் சொல்லி ஐந்து ரூபாய் கமிஷன் எடுத்தால், இன்றைய ஐந்து ரூபாய்க்காக நாளைய வாடிக்கையாளரை விற்கிறோம் என்று பொருள். ஒரு தடவை செல்போனில் பருப்பு வாங்கிப் பழகியவர் மறுபடி நம் படியேறுவது சிரமம்.

நம் ஊரில் கிடைக்காத பொருள், வாடிக்கையாளர் எப்படியும் ஆன்லைனில்தான் வாங்கப் போகிற பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் வழி காட்டலாம். அதிலும் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். பலசரக்குக் கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று கேட்டால், நிறையவே தெரியும். பருப்பில் வண்டு விழாமல் வைப்பது, எண்ணெய் தடவிய பருப்பையும் தடவாததையும் பார்த்தவுடன் சொல்வது, குண்டு வத்தலுக்கும் சம்பா வத்தலுக்கும் உள்ள வித்தியாசம், கட்டிப் பெருங்காயத்தின் தரம், இவையெல்லாம் இன்றைய இளம் குடும்பங்களுக்குத் தெரியாது. இவற்றைச் சொல்லிக் கொடுக்கும்போது, காற்றுப் புகாத டப்பா, தானியம் வைக்கும் டிரம் போன்றவை நம் ஊரில் கிடைக்காவிட்டால் அவற்றுக்கு இணைப்புக் கொடுப்பது பொருத்தமாக இருக்கும். செல்போன், டி.வி. போன்றவற்றில் விலை அதிகமே தவிர, கமிஷன் விகிதம் பொதுவாக மிகக் குறைவு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் சொல்லித்தான் யாரும் வாங்க வேண்டியதில்லை.

எவ்வளவு முதல் வேண்டும்?

எங்கள் மகன் கேட்டது ரூ.2,500. செல்போனை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டு ரூ.450. சட்டையில் மாட்டும் மைக் ரூ.700. வீட்டு நம்பர் கலக்காமலிருக்கத் தனி சிம்கார்டும் ரீசார்ஜும் ரூ.300. கணக்கு நோட்டு ரூ.50. மீதி ரூ.1,000-ஐக் கையிருப்பாக வைத்துக்கொண்டார். செல்போன் முன்பே இருந்தது. கிட்டங்கியில் பகல் வெளிச்சம் இருக்கிறது, விளக்கு வாங்கவில்லை. யூடியூபில் சேனல் தொடங்கக் காசு இல்லை. வாட்ஸ்அப்பில் 2018 முதல் வியாபாரிகளுக்கென்று தனிச் செயலி இருக்கிறது, அதுவும் இலவசம்.

விளம்பரத்துக்கு என்று கம்பெனிகளுக்குப் பணம் கட்டிப் பார்வையாளரைப் பிடிப்பதை முதல் வருடம் செய்யவே கூடாது என்பது எங்கள் கருத்து. கமிஷன் ரூ.50 கிடைக்கும் விற்பனைக்கு விளம்பரத்தில் ரூ.80 செலவழித்துவிட்டு, விற்பனை நடந்தது என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கொள்முதல் விலைக்குக் கீழே விற்றுவிட்டு வியாபாரம் ஓகோ என்று நடக்கிறது என்று சொல்வதைப் போன்றது அது.

பண முதல் குறைவு என்றாலும் நேரம் என்கிற முதல் அதிகம் போகிறது. வாரம் இரண்டு படம் எடுக்க, எங்கள் மகனுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆயிற்று. கடையில் அந்த நேரத்துக்கு ஆள் போட்டால் என்ன கூலி என்பதையும் நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

வரவு எப்படி இருந்தது? முதல் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதம் ரூ.85. ஆறு மாதம் முடியும்போது மொத்தக் கமிஷன் ரூ.1,940. ஒரு வருடத்துக்குப் பின்பு மாதம் ரூ.900 முதல் ரூ.1,200 வரை நின்றது. மாதம் ஐம்பதாயிரம் சம்பாதிப்பவர்களும் எங்காவது இருக்கலாம். நாங்கள் பார்த்த கணக்கு இது.

அறுபது ரூபாய்க் கமிஷன்

இனி எழுதப்போவது எங்களுக்குத் தலைகுனிவான விஷயம்தான். ஆனாலும் பிறருக்குப் பாடமாகட்டும் என்று எழுதுகிறோம்.

2023 ஆடி மாதத்தில், குறைந்த விலையில் ஓர் எலெக்ட்ரானிக் தராசு ஆன்லைனில் வந்திருந்தது. கமிஷன் ஒன்றுக்கு ரூ.60. எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் நூற்று நாற்பது பேருக்கும் மகன் அந்த இணைப்பை அனுப்பினார். "அப்பா, கடைக்குத் தேவையான பொருள்தானே" என்றார். நாமும் சரி என்றோம். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. எட்டுப் பேர் வாங்கினார்கள்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் சிறிய கடை வைத்திருக்கும் ஒருவர் எங்களிடம் இருபத்திரண்டு வருடமாகச் சரக்கு எடுப்பவர். ஐப்பசியில் ஒரு நாள் காலை வந்தார். சிட்டை கொடுக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க சொன்னீங்கன்னுதான் அந்தத் தராசு வாங்குனேன். முத்திரை இல்லைன்னு ஆய்வாளர் எழுதிட்டாரு. கடை முன்னாடி ஊரே நிக்குது, எடையில ஏமாத்துறான்னு ஒரு அம்மா சொல்லிட்டுப் போகுது" என்றார். அபராதம் ரூ.2,000 கட்டியிருந்தார்.

அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கச் சொன்னோம். வீட்டுச் சமையலறை உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு அல்ல என்று கீழே சிறு எழுத்தில் போட்டிருந்தது. கம்பெனி எழுதித்தான் வைத்திருக்கிறது. படிக்காமல் அனுப்பியது நாம். எடையளவுச் சட்டப்படி முத்திரை இல்லாத தராசைக் கடையில் வைக்கக் கூடாது, அதை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும் என்பது நாற்பது வருடம் தராசு பிடித்த நமக்குத் தெரியாததா? தெரியும். அறுபது ரூபாய் கண்ணை மறைத்துவிட்டது.

அபராதத் தொகையைக் கொடுத்தோம். உரிமம் பெற்ற தராசுக் கடையிலிருந்து முத்திரையிட்ட தராசு ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். மற்ற ஏழு பேரையும் அன்றைக்கே போனில் கூப்பிட்டு, கடையில் அதை வைக்க வேண்டாம் என்று சொன்னோம். எட்டுத் தராசுக்கும் சேர்த்து நமக்குக் கிடைத்த கமிஷன் ரூ.480. போனது அதைப் போலப் பல மடங்கு. பணம் போனது பெரிதல்ல. அந்தக் கடைக்காரர் மறுபடி சிட்டை கொடுக்க மூன்று மாதம் ஆயிற்று. இன்றும் அவர் வந்தால் நமக்குத்தான் முதலில் கண் தாழ்கிறது.

அவர் அந்தத் தராசைக் கம்பெனியை நம்பி வாங்கவில்லை, நம்மை நம்பி வாங்கினார். அஃபிலியேட்டில் முதல் இல்லை என்று சொல்வது தவறு. கடையின் பெயர்தான் முதல். அது கரைந்தால் எந்தக் கம்பெனியும் திருப்பித் தராது. அன்றிலிருந்து, கையில் வாங்கிப் பார்க்காத பொருளுக்கு எங்கள் வீட்டில் இணைப்புக் கொடுப்பதில்லை.

கமிஷன் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்

இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு என்று பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது நாகரிகம் மட்டுமல்ல, விதியும்கூட. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில், பணமோ வேறு ஆதாயமோ பெற்றுப் பொருளைப் பரிந்துரைப்பவர்கள் அதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரைத்தவர் மீதும் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

எங்கள் மகன் படத்தின் தொடக்கத்திலேயே தமிழில் சொல்லிவிடுகிறார். அதனால் வியாபாரம் குறையவில்லை. தரகர் தரகு வாங்குவார் என்பது ஊருக்குத் தெரிந்ததுதானே. மறைத்தால்தான் சந்தேகம் வருகிறது.

வரி விஷயத்தில் கவனம்

இந்தப் பகுதியை அவசியம் இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சிறு தொகை கமிஷன் பெரிய கணக்கைக் கலைத்துவிடும் இடம் இது.

ஒன்று, ஜி.எஸ்.டி. பதிவு. தமிழ்நாட்டில் சரக்கு மட்டுமே விற்கும் கடைக்காரர் ஆண்டு விற்பனை ரூ.40 லட்சம் வரை பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கமிஷன் என்பது சரக்கு அல்ல, சேவை. சேவையும் சேர்ந்தால் அந்த வரம்பு ரூ.20 லட்சம்தான். ஆண்டுக்கு ரூ.30 லட்சம் விற்பவர், பதிவு இல்லாமல் நிம்மதியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தம் பெயரில் சில ஆயிரம் கமிஷன் வாங்கினால், பதிவு செய்ய வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். முன்பே பதிவு பெற்றவர்கள் கமிஷனுக்கு 18 சதவீத வரிக் கணக்கைக் காட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள், விற்பனையில் 10 சதவீதம் அல்லது ரூ.5 லட்சம், இதில் எது அதிகமோ அதுவரை சேவை செய்ய இடம் உண்டு.

இரண்டு, வருமான வரி. புத்தகம் எழுதாமல், விற்பனையில் 8 சதவீதம் அல்லது 6 சதவீதம் லாபம் என்று காட்டும் முறையில் நம்மில் பலர் கணக்குக் கொடுத்து வந்திருக்கிறோம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 44ஏடி பிரிவு. கமிஷன், தரகு வருமானம் உள்ளவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய்க் கமிஷனுக்காகக் கடை முழுவதற்குமான சலுகையைக் கேள்விக்குரியதாக ஆக்கிக்கொள்வது புத்திசாலித்தனமா?

மூன்று, பிடித்தம். கமிஷன் கொடுக்கும் கம்பெனி வருமான வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். 194எச் பிரிவில் இந்தப் பிடித்தம் 2024 அக்டோபர் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டுக்கு ரூ.15,000 என்றிருந்த விலக்கு வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் ரூ.20,000 ஆயிற்று. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். 2025-இல் இயற்றி, 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் குறித்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. எனவே எண்ணை மனப்பாடம் செய்வதைவிட ஆடிட்டரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

நாங்கள் செய்த ஏற்பாடு எளியது. படம் எடுப்பதும் பேசுவதும் மகன்தான். ஆகவே அவர் பெயரில், அவர் பான் எண்ணில், அவர் வங்கிக் கணக்கில் நடக்கிறது. கடைக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கலப்பதில்லை. உழைப்பவர் ஒருவர், பெயர் இன்னொருவர் என்று மட்டும் வைத்துவிடக் கூடாது.

ஏமாற்றுக்காரர்களை அடையாளம் காண்பது

அஃபிலியேட் என்ற பெயரில் மோசடிகளும் நடக்கின்றன. அடையாளம் மூன்று சொல்கிறோம்.

சேருவதற்குப் பணம் கட்டு என்றால் அது தரகு அல்ல. சரக்கு விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்குத்தான் கமிஷன் என்றால் அது சங்கிலித் திட்டம். பணச்சுற்றுத் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. நேரடி விற்பனைக்கான 2021 விதிகளும் சங்கிலித் திட்டத்தை அனுமதிப்பதில்லை. மூன்றாவது, வீடியோவுக்கு விருப்பம் தெரிவித்தால் ஐம்பது ரூபாய் என்று முதலில் உண்மையாகவே அனுப்பி, பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் கட்டு என்பார்கள். கட்டிய பணம் வராது.

இப்படிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இதே முறையை நம் கடைக்குத் திருப்புவோம்

மாதம் ஆயிரம் ரூபாய்க்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். எங்களுக்குக் கிடைத்த உண்மையான லாபம் கமிஷனில் இல்லை. பருப்பு பார்த்து வாங்குவது எப்படி என்று மகன் பேசிய படத்தைப் பார்த்துவிட்டு, அருப்புக்கோட்டையிலிருந்து இரண்டு கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். இன்று வாரம் தவறாமல் மூட்டைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு வருடக் கமிஷனை அவர்கள் வியாபாரம் ஒரே மாதத்தில் தாண்டிவிட்டது. ஆகவே செல்போன் வழியே பேசக் கற்றுக்கொள்வது வீண் அல்ல. பிறர் சரக்குக்காகக் கற்றதை நம் சரக்குக்குப் பயன்படுத்த வேண்டும்.

தரகு கொடுக்கும் முறையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கல்யாணச் சமையல்காரர் சாமான் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, இன்ன கடையில் வாங்குங்கள் என்று அனுப்புவதும், கடைக்காரர் அவருக்குத் தனியே கவனிப்பதும் நம் ஊர்களில் இருக்கும் பழக்கம். அதில் உள்ள குறை மறைவு. மறைவாக இருப்பதால், சில இடங்களில் லிஸ்டில் அளவு கூடுகிறது, கல்யாண வீட்டார் தலையில் விழுகிறது.

இதையே ஒழுங்காகச் செய்யலாம். சமையல்காரர், பலகாரம் போடுகிறவர், மெஸ் நடத்துகிறவர் என்று நம்பிக்கையான பத்துப் பேருக்கு ஆளுக்கொரு எண் கொடுங்கள். அந்த எண்ணைச் சொல்லி வருகிறவருக்குப் பில்லில் சிறு தள்ளுபடி. அனுப்பியவருக்கு மாதக் கடைசியில் நூற்றுக்கு ஒன்று. சீனி, எண்ணெயில் மிச்சம் மிகக் குறைவு என்பதால் அவற்றை நீக்கிவிட்டு மற்றச் சாமான்களுக்குக் கணக்கிடலாம். ரூ.30,000 பில்லில் சீனியும் எண்ணெயும் ரூ.10,000 என்றால், மீதி ரூ.20,000-க்கு ரூ.200. விற்றால்தான் கொடுக்கிறோம், விற்காவிட்டால் செலவு இல்லை. எண் வாரியாகப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், கம்ப்யூட்டர்கூட வேண்டாம். தரகு உண்டு என்பதைக் கல்யாண வீட்டாருக்கும் தெரியும்படி வைத்தால், லிஸ்டைக் கூட்டி எழுத யாருக்கும் துணிவு வராது. முந்தைய ஆண்டு விற்பனை ரூ.1 கோடியைத் தாண்டியவர்கள், ஒரே ஆளுக்கு ஆண்டில் ரூ.20,000-க்கு மேல் தரகு கொடுத்தால் வரி பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். மூவாயிரத்துக்கு மேல் முதல் போடாதீர்கள். கையில் பார்க்காத பொருளைச் சொல்லாதீர்கள். உங்கள் அலமாரியில் உள்ளதற்கு வெளியே வழி காட்டாதீர்கள். கமிஷன் உண்டு என்பதை மறைக்காதீர்கள். கடைக் கணக்கோடு கலக்காதீர்கள். ஆறு மாதம் பாருங்கள். ஏற்றம் இல்லை என்றால் ஸ்டாண்டையும் மைக்கையும் வைத்துக்கொண்டு உங்கள் கடைச் சரக்கைப் பற்றிப் பேசுங்கள். போட்ட முதல் வீண் போகாது.

சந்தேகம் உள்ள உறுப்பினர்கள் சங்கக் கூட்டத்தன்று எங்களிடம் நேரில் கேட்கலாம். கணக்கு நோட்டைக் கொண்டு வருகிறோம். தராசுக் கணக்கும் அதிலேயே இருக்கிறது.